அலைக்கற்றைப் பங்கீடும் நடுவு நிலைமையும்

இவ்வுரையை நேயர்களின் இல்லங்களுக்குக் கொண்டுவரும் அலையும், கைப்பேசியில் நம் குரலைச் சுமந்து செல்லும் அலையும் ஓரினத்தைச் சேர்ந்தவை. கண்ணுக்குப் புலனாகாத இவ்வலைகளுக்கு ஓர் இயல்பு உண்டு. ஓரிடத்தில் ஒரே அலைவரிசையை இருவர் ஒருங்கே கையாண்டால் இருவர் குரலும் தெளிவாகக் கேளா. ஆதலின், யாருக்கு எந்த அலைக்கற்றை என்று பகுத்தளிக்க ஒரு பொது அதிகாரம் வேண்டியிருக்கிறது. வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று நம் உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டிலேயே கூறியது. நம் சொத்தை நம் பெயரால் பகுத்தளிப்போர் எங்ஙனம் நடந்துகொள்ள வேண்டும் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

நெடுங்காலம் தொலைபேசித் துறை அரசின் கையிலேயே இருந்தது. 1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்கு வழி திறந்தது. அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. உரிமம் வழங்குவதும் அரசுத் துறை. உரிமம் பெற்றவரோடு அதே தொழிலை நடத்துவதும் அத்துறையே. பந்தயத்தில் ஓடுபவரே நடுவராகவும் நின்றால், தோற்றவர் அம்முடிவை எவ்வாறு ஏற்பார்? இக்குறையைக் களையவே 1997இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவப்பட்டது. 2000ஆம் ஆண்டில் வழக்குகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயம் ஏற்பட்டது. தொலைபேசி நடத்தும் பணியும் துறையினின்று பிரிக்கப்பெற்று, பி.எஸ்.என்.எல். என்னும் அரசு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

எனினும், அமைப்புகள் இருந்தால் மட்டும் போதா என்பதை 2008ஆம் ஆண்டு காட்டிற்று. முதலில் வந்தவருக்கே முதலுரிமை என்னும் முறைப்படி அப்போது உரிமங்கள் வழங்கப்பட்டன. விண்ணப்பிக்கும் கடைசி நாள் 2007 அக்டோபர் முதல் தேதி என அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயின், 2008 ஜனவரி 10 அன்று, செப்டம்பர் 25க்குள் வந்த விண்ணப்பங்களே ஏற்கப்படும் என்று துறை வெளியிட்டது. அன்று பிற்பகலிலேயே, ஒரு மணி நேரத்திற்குள், ஒப்புதற் கடிதங்களைப் பெற்றுக்கொள்ளுமாறும் கூறியது. முன்னதாகவே செய்தி எட்டியவர் சிலர் வங்கி வரைவோலையுடன் ஆயத்தமாக இருந்தனர் என்பதை உச்ச நீதிமன்றம் சுட்டிக் காட்டியது. 2012 பிப்ரவரி 2 அன்று 122 உரிமங்களையும் அது ரத்துச் செய்தது. இது தொடர்பான குற்ற வழக்கில் அனைவரும் 2017இல் தனி நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர் என்பதையும், அதன்மேல் தொடுத்த மேல்முறையீட்டைத் தில்லி உயர் நீதிமன்றம் 2024இல் விசாரணைக்கு ஏற்றது என்பதையும் நாம் உடன் சொல்லியாக வேண்டும். தனி மனிதரின் குற்றம் வேறு. முறையின் குறை வேறு.

அங்ஙனமாயின் ஏலமே ஒரே வழியோ? அன்று எனவும் அதே ஆண்டு செப்டம்பரில் நீதிமன்றம் விளக்கியது. எம்முறையைக் கைக்கொண்டாலும், அது நேர்மையும் நியாயமும் உடையதாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து.

நோக்கம் நன்றாயினும் இவ்விதி தளராது என்பதற்கு மற்றொரு வழக்கைக் காண்போம். பேசிக்கொண்டிருக்கையில் அழைப்பு அறுந்தால், அழைத்தவர் கணக்கில் நிறுவனம் ஒரு ரூபாய் சேர்க்க வேண்டும்; நாளொன்றுக்கு மும்முறை வரை இவ்வீடு உண்டு என்று 2015இல் ஆணையம் விதி செய்தது. அதனை வரவேற்காத சந்தாதாரர் நம்மில் யார்? ஆயினும் 2016 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாது என்றது. நூற்றுக்கு இரண்டு அழைப்புகள் அறுந்தால் குற்றமில்லை என்று ஆணையத்தின் பிறிதொரு விதியே கூறியிருக்க, இவ்விதியோ அறுந்த அழைப்பு ஒவ்வொன்றிற்கும் ஈடு கேட்டது. எதிர்த்தோர் எழுப்பிய வாதங்களுக்கு உரிய விடையும் தரப்படவில்லை. ஒளிவு மறைவின்றிக் கடமையாற்ற வேண்டும் என்று ஆணையத்தின் சட்டமே பணிக்கிறது. அப்பணிப்பு நிறுவனங்களுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. இன்று காரணம் கூறாமல் நமக்குச் சாதகமாக விதி செய்ய ஒருவரை அனுமதித்தால், நாளை காரணம் கூறாமலே நமக்குப் பாதகமாகவும் அவர் விதி செய்யலாம் அன்றோ?

இது முன்னினும் இன்று முக்கியமாகிறது. 2010ஆம் ஆண்டளவில் பல வட்டாரங்களில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் போட்டியிட்டன. எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமையும் 2011 ஜனவரியில் நாடெங்கும் கிடைத்தது. இன்றோ நாடளாவிய பெரிய தனியார் நிறுவனங்கள் மூன்றே. கடைகள் பலவாக இருக்கையில் ஒன்றில் விலை மிகுந்தால் அடுத்ததற்குப் போகலாம். கடைகள் குறைந்துவிட்டால் எடைக்கல்லைச் சோதிப்பவரின் நேர்மையே நமக்குக் காப்பு.

விதி செய்யுமுன் ஆணையம் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டு, குறித்த நாளுக்குள் கருத்துக் கேட்கிறது. நிறுவனங்கள் வல்லுநரைக் கொண்டு விரிவாக விடை எழுதுகின்றன. சந்தாதாரராகிய நாமோ பெரும்பாலும் வாளா இருந்துவிடுகிறோம். கதவு திறந்திருப்பது ஆணையத்தின் கடமை; உள்ளே சென்று நம் குறையைச் சொல்வதும், நம் வாதம் ஏன் கொள்ளப்பட்டது அல்லது தள்ளப்பட்டது என்று கேட்பதும் நம் கடமை. பொதுச் சொத்தின் உடைமையாளராகிய நாம் அக்கடமையை இனியேனும் மறவாதிருப்போமாக.