விலை பார்ப்பதா, ஆயுள் பார்ப்பதா?

(சங்கக் கூட்டத்தில் பேசியது)



நம் பொது ஹாலுக்கு விரிப்பு வாங்கப் போகிறோம். பிளாஸ்டிக் பாய் 500 ரூபாய் என்கிறார்கள், பவானி ஜமக்காளம் 2,400. முடிவெடுக்கும் முன் இந்தப் பழைய வங்கிக் குமாஸ்தாவின் கணக்கைக் கொஞ்சம் கேளுங்கள்.

வங்கியில் நாற்காலிக்குக்கூடத் தேய்மானம் எழுதுவோம். வீட்டில் எழுதுவதில்லை. 2 வருஷத்தில் கிழியும் பாய்க்கு வருஷச் செலவு 250 ரூபாய். ஜமக்காளம் 15 வருஷம் உழைத்தால் 160 ரூபாய்தான். என் கல்யாணத்துக்கு 1988-ல் வாங்கியது, ஆடித்தபசுக்கு வரும் விருந்தாளிகளுக்கு இன்றும் விரிக்கிறோம்.

பவானி ஜமக்காளம் தடித்த நூலில் கைத்தறியில் நெய்வது. 2005-06-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதே பெயரில் விசைத்தறிச் சரக்கும் விற்கிறது, பார்த்து வாங்குங்கள். விசைத்தறியைக் குறை சொல்லவில்லை. நம் சங்கரன்கோவிலில் எத்தனையோ வீட்டில் அடுப்பெரிவது அதனால்தான். விசைத்தறித் துணியைக் கைத்தறி விலைக்கு வாங்கி ஏமாற வேண்டாம், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. வளரும் பிள்ளைக்குப் 10 வருஷம் உழைக்கும் சட்டை எதற்கு? கடன் வாங்கி வாங்கினால் வட்டியையும் சேர்த்துப் பாருங்கள். கையில் பணம் இல்லாதவர் மலிவானதை வாங்கினால் அது தப்புமில்லை.

ஆனால் சங்கத்தில் பணம் இருக்கிறது. ஆகவே என் ஓட்டு ஜமக்காளத்துக்கே. நனையாமல், எலி கடிக்காமல் மடித்து வைக்கும் பொறுப்பை நானே ஏற்கிறேன்.