செயலி பேசும் உண்மை



வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் அனுப்புகிறோம், இந்தச் செயலியைக் கைபேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று விளம்பரம் வருகிறது. இப்படி மலேசியர்களைக் குறிவைத்த போலிச் செயலிகளைப் பற்றி ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2022 ஏப்ரலில் அறிவித்தது. அவை எட்டு வங்கிகளின் வாடிக்கையாளர்களிடம் கடவுச்சொல்லைக் கறந்தன; கைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகளையும் திருடர்களுக்கு அனுப்பின. வங்கியின் இரகசிய எண் அப்போது குறுஞ்செய்தியில்தானே வந்தது!

செயலிக்குள் நடப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

அதை எழுதியவரின் மூலப் பிரதி நமக்குக் கிடைக்காது. கிடைப்பது டால்விக் கட்டளைகள். இவை இரும்பு இயந்திரத்துக்கு எழுதப்பட்டவை அல்ல. மென்பொருளால் அமைத்த மெய்நிகர் இயந்திரத்துக்கு உரியவை. இருநூறுக்கும் மேற்பட்ட கட்டளைகள் உண்டு. ஒரே வேலைக்குப் பல கட்டளைகளும் உண்டு. படிப்பவருக்குத் தலை சுற்றும்.

அந்நாளில் தோட்டத்தில் கங்காணிகள் ஆளுக்கொரு விதமாகக் குறித்து வருவதைக் கிராணி ஒரே செக்ரோலில் ஒரே முறையில் ஏற்றுவார் அல்லவா? பிறகு கணக்குப் பார்ப்பது எளிது. அதுபோல இந்தக் கட்டளைகளையும் ஓர் இடைமொழிக்கு மாற்றுகிறார்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவான ஜிம்பிள் அத்தகைய மொழி. அதில் 15 வகை வாக்கியங்களே உண்டு. டால்விக் கட்டளைகளை ஜிம்பிளாக மாற்றும் டெக்ஸ்ப்ளர் என்ற கருவி 2012இல் வெளிவந்தது.

மாற்றிய பின், செயலியின் போக்கு ஏறக்குறைய இப்படித் தெரியும்: வந்த குறுஞ்செய்தியை முதல் பெட்டியில் வை. முதல் பெட்டியில் உள்ளதை இரண்டாம் பெட்டிக்கு மாற்று. இரண்டாம் பெட்டியில் உள்ளதை வெளிக் கணினிக்கு அனுப்பு. குறுஞ்செய்தி எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்று கணினியே தடம் பார்த்துச் சொல்லிவிடும்.

திருடனும் சும்மா இருப்பதில்லை. பெயர்களை மாற்றுவான், சில கட்டளைகளைப் பூட்டி மறைப்பான், சிலவற்றைப் பிறகு இணையத்திலிருந்து இறக்குவான். அதனால் இந்த ஆய்வுக்கு நாள் பிடிக்கும். பணம் போக நிமிடம் போதும்.

ஆகவே, யாரோ அனுப்பிய இணைப்பைத் தட்டிச் செயலியை ஏற்றாதீர்கள். பிள்ளைகளே, வீட்டுப் பெரியவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல், உடனே வங்கிக்கோ 997 என்ற எண்ணுக்கோ அழையுங்கள். 2022 அக்டோபரில் அரசாங்கம் தொடங்கிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது.