ஊன்றுகோலும் ஏறுகோலும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இலக்கிய விழாவில் மலையேற்றத்துக்கும் மிதிவண்டிக்கும் என்ன வேலை என்ற வினா எழலாம். முதுமையில் உடலை எவ்வாறு பேணுவது என்பது மருத்துவர்க்குரிய பொருள். முதுமையை எவ்வாறு எண்ணுவது என்பது கவிஞர்க்குரிய பொருள். ஓர் ஊர் தன் முதியவர்களை எந்தச் சொற்களால் சுட்டுகிறதோ, அச்சொற்களுக்குள்ளேயே அவர்கள் வாழ வேண்டியிருக்கிறது. 'வயசான காலத்துல எதுக்குங்க அலைச்சல்?' என்னும் ஒரு தொடர், கொங்கு நாட்டில் எத்தனையோ பேரைத் திண்ணையை விட்டு இறங்கவொட்டாமல் செய்திருக்கிறது. அத்தொடரில் அன்பு உண்டு, மரியாதையும் உண்டு. ஆயினும் அந்த அன்பே கால்களைக் கட்டிவிடுகிறது. அக்கட்டை அவிழ்ப்பது எப்படி என்பதே இவ்வுரையின் பொருள்.

பழம்பாட்டில் ஒரு முதியவர்

புறநானூற்றின் 243ஆம் பாடலைக் கவிஞர்கள் அறிவர். அதைப் பாடிய புலவரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் தொடரே பெயராகி, அவர் தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கப்பெறுகிறார். பூண் கட்டிய தலையையுடைய பெரிய தடி என்பது அதன் பொருள். ஓர் ஊன்றுகோலே ஒரு புலவரின் பெயராகிவிட்டது.

அம்முதியவர் எதை எண்ணி வருந்துகிறார் என்பது நோக்கத்தக்கது. இழந்த செல்வத்தையோ பதவியையோ அவர் பேசவில்லை. மணலில் பாவை செய்து பூச்சூட்டியதையும், தோழர்களோடு திரிந்ததையும், நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறிக் கரையில் நின்றோர் வியக்க மடுவில் குதித்ததையும், அடிமணலை அள்ளி மேலே வந்ததையுமே நினைக்கிறார். இன்றோ கையில் தடி. இருமலுக்கு இடையே சில சொற்கள். மரம், நீர், மணல் ஆகியவற்றோடு உடல் கொண்டிருந்த உறவு அறுந்துபோனதே அவர் கண்ட முதுமை. திறந்தவெளியை இழப்பதே முதுமையின் பேரிழப்பு என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ப் பாட்டு கண்டுணர்ந்தது.

அந்தப் பாட்டு தன் முதியவரை இரக்கத்தோடு நிறுத்திவிட்டு முடிகிறது. அவர் மறுநாள் காலையில் தடியை ஊன்றியபடியே அந்த மருதமரம் வரை நடந்தாரா என்று அது சொல்லவில்லை. பின்வந்த கவிதையும் பெரும்பாலும் அந்த வினாவைக் கேட்கவில்லை.

கொங்கு நாட்டுக் கால்கள்

வெள்ளகோவிலைச் சுற்றிய நிலம் மழை குறைந்த மேட்டுநிலம். கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடும், அதற்குள் கொழுக்கட்டைப் புல்லும், நிழலுக்கு வெள்வேல மரமும், மேய்ச்சலுக்குக் காங்கயம் மாடும் செம்மறியும் என அமைந்த வாழ்க்கை இது. சங்கப் பாடல்களும் கொங்கரை ஆநிரையோடு சேர்த்தே பேசுகின்றன. காட்டுக்குப் போவது, கால்நடையைப் பார்ப்பது, வேலியில் விழுந்த இடைவெளியை அடைப்பது, சந்தைக்கு நடப்பது என உடல் தன்னையறியாமலே இயங்கிக்கொண்டிருந்தது. கவலை ஓட்டி நீரிறைத்தவர் கிணற்று மேட்டுக்கும் பள்ளத்துக்குமாக ஒரு பொழுதில் நடந்த நடை, இன்று உடற்பயிற்சிக்கூடத்தில் காசு கொடுத்து நடக்கும் நடையைவிட மிகுதி.

பின்னர் மின்மோட்டார் வந்தது. விசைத்தறி வந்தது. 1980இல் வெளிவந்த டிவிஎஸ் 50 தோட்டத்துக்கும் ஊருக்கும் இடையிலிருந்த நடையை எடுத்துக்கொண்டது. இவற்றைப் பழித்தல் முறையன்று. கவலை இறைத்தவரின் முதுகுவலியை மறந்துவிட்டு அவருடைய உழைப்பை மட்டும் பாடுவது கவிதைக்கு அழகாகாது. வயிற்றுக்காக உடல் தேய்ந்த உழைப்பு வேறு, விரும்பி மேற்கொள்ளும் இயக்கம் வேறு. முன்னது குறைந்தது நன்றே. பின்னது அதன் இடத்துக்கு வந்து சேராததே இன்றைய குறை.

இவ்விரண்டும் ஒன்றாய் இணைந்த வாழ்க்கைக்கு இக்கொங்கு நாட்டிலேயே சான்று உண்டு. மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியைச் சேர்ந்த பாப்பம்மாள் என்னும் ரங்கம்மாள், பவானி ஆற்றுப் பகுதியில் தம் இரண்டரை ஏக்கர் நிலத்தில் இயற்கை வேளாண்மை செய்துவந்தவர். 2021ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றபோது அவருக்கு வயது நூற்றைந்து எனச் சொல்லப்பட்டது. 2024 செப்டம்பரில் அவர் மறைந்தார். நூறு வயதைக் கடந்தும் தோட்டத்தில் இறங்கிய அக்கால்களை எவரும் கட்டிவைக்கவில்லை. கட்டிவைக்க அவரும் இசையவில்லை.

வெள்ளியங்கிரியில் மூங்கில் தடி

கோவைக்கு மேற்கே, பூண்டி அடிவாரத்தில் தொடங்கும் வெள்ளியங்கிரி ஏழு மலைகளாக அடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரமுள்ள முகட்டில் ஈசன் வீற்றிருப்பதால் தென்கயிலை எனப் பெயர் பெற்றது. பிப்ரவரி முதல் மே வரை மக்கள் மலையேறுவர். முதல் மலையின் செங்குத்தான படிகளும், வழுக்குப்பாறையும், கைதட்டிச் சுனையும், ஆண்டிச் சுனையின் குளிர்நீரும் ஏறியவர் நினைவில் நெடுநாள் நிற்பவை.

அடிவாரத்தில் ஒவ்வொருவர் கைக்கும் ஒரு மூங்கில் தடி வந்துசேர்கிறது. இருபது வயது இளைஞனுக்கும் அதே தடி, எழுபது வயது முதியவர்க்கும் அதே தடி. ஊர்த்தெருவில் தளர்ச்சியின் அடையாளமாக இருந்த கோல், மலையில் அறிவுடைமையின் அடையாளமாக மாறிவிடுகிறது. அதன் பயனும் தெளிவானது. ஏறும்போது தடி கையின் வலிமையைக் காலுக்குத் துணையாக்குகிறது. இறங்கும்போது உடலின் எடை முழுவதும் முழங்காலில் விழாமல் ஒரு பகுதியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஏற்றம் மூச்சைச் சோதிக்கும்; இறக்கம் மூட்டைச் சோதிக்கும். ஊன்றுகோல் அங்கே ஏறுகோல் ஆகிறது.

மகளிர்க்கு இம்மலை வேறொரு செய்தியும் வைத்திருக்கிறது. இளம்பெண்களும் நடுவயதுப் பெண்களும் ஏறுவதில்லை என்ற வழக்கம் இங்கே நெடுங்காலமாக இருந்துவந்தது. மூத்த பெண்களுக்கு அத்தடை இல்லை. அவ்வழக்கு சரியா என்பது தனியே வாதிடத்தக்கது. ஆனால் வாழ்நாள் முழுவதும் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடந்த ஒருத்திக்கு, நரை விழுந்த பிறகே மலை வழிவிட்டது என்பதில் ஒரு கவிதை காத்திருக்கிறது. முதுமை கதவை அடைக்கும் என்றே எல்லோரும் சொல்கின்றனர். இங்கோ அது ஒரு கதவைத் திறந்தது.

மேட்டில் ஏறும் மிதிவண்டி

மலைக்கு நடப்பது பழைய வழக்கம். மலைக்கு மிதிவண்டியில் போவது புதிய வழக்கம். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மாரின் வட்டாரத்துத் தமல்பைஸ் மலைச்சரிவில் சில இளைஞர்கள் பழைய கனத்த மிதிவண்டிகளைச் செப்பனிட்டு மண்பாதையில் ஓட்டத் தொடங்கினர். 1976இல் அங்கே பந்தயம் நடந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைமிதிவண்டிப் போட்டி இடம்பெற்றது. அன்று இருபது வயதை ஒட்டியிருந்த அவ்விளைஞர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். அவ்விளையாட்டும் அவர்களோடு சேர்ந்தே மூத்திருக்கிறது.

அகன்ற சக்கரம் கல்லின் அதிர்ச்சியைத் தாங்கும். பல அளவுகளில் அமைந்த பல்சக்கரங்கள் ஏற்றத்தை எளிதாக்கும். மேட்டில் பல்சக்கரத்தை மாற்றிக்கொண்டால், ஒரு மிதிக்கு வண்டி நகரும் தொலைவு குறையும். மிதிக்க வேண்டிய விசையும் குறையும். விரைவை விட்டுக்கொடுத்து உயரத்தைப் பெறும் இப்பண்டமாற்று முதுமைக்கு மிகப் பொருந்துவது.

ராபர்ட் மார்ஷான் என்னும் பிரெஞ்சுக்காரர் 1911இல் பிறந்தவர். 2012இல், தம் நூறாவது வயதில், பந்தயத்தடத்தில் ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் மிதித்தார். 2014இல், நூற்றிரண்டு வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர் மிதித்தார். இடைப்பட்ட காலத்தில் அவர் ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் அளவில் பயின்றார். அப்பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு இளைப்பில்லாத மிதி. ஒரு பங்கே கடும் மிதி. அவரை ஆராய்ந்த வெரோனிக் பில்லா என்னும் உடலியல் அறிஞர், அவருடைய உடல் உயிர்வளியை ஏற்றுப் பயன்படுத்தும் உச்சத்திறன் ஏறத்தாழ 13 விழுக்காடு உயர்ந்ததைக் கண்டறிந்தார். நூறு வயதுக்குப் பின்னும் உடல் கற்றுக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. மார்ஷான் 2021இல் தம் 109ஆம் வயதில் மறைந்தார்.

அவர் ஒருவர் மட்டும் விதிவிலக்கோ என்று ஐயுறுவோர்க்கு இன்னொரு சான்று உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரியும் பர்மிங்காம் பல்கலைக்கழகமும் 55 முதல் 79 வயதுவரையுள்ள, நெடுங்காலம் மிதிவண்டி ஓட்டிவந்த 125 பேரை ஆராய்ந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டன. முதுமையில் சுருங்கிவிடும் தைமஸ் சுரப்பி அவர்களிடம் இளைஞர்களிடம் போலவே நோயெதிர்ப்பு அணுக்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. தசையின் திண்மையும் குறையவில்லை.

மிதிவண்டி மட்டும் போதும் என்பதும் தவறு. எலும்பு வலுப்பட உடலின் எடையைக் கால்கள் தாங்க வேண்டும். மிதிவண்டியில் அவ்வெடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. ஆதலின் நடையும் படியேற்றமும் உடன் வேண்டும். அதற்குச் சிவன்மலையும் 1320 படிகள் கொண்ட சென்னிமலையும் தொலைவில் இல்லை.

மிதிவண்டி ஆண்களுக்கே உரியது என்ற எண்ணம் தமிழ்நாட்டில் முன்பே உடைந்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அன்று இருபதிலும் முப்பதிலும் கற்றவர்கள் இன்று ஐம்பதையும் அறுபதையும் கடந்துள்ளனர். விடுதலையாகக் கற்ற ஒன்றை முதுமை வந்ததென்று கைவிட வேண்டியதில்லை.

அளவறிதல்

ஊக்கம் ஊட்டுவோர் இடரையும் சொல்லியாக வேண்டும். வெள்ளியங்கிரியில் அண்மை ஆண்டுகளில் மூச்சுத்திணறியும் நெஞ்சுவலி கண்டும் உயிரிழந்தோர் உண்டு. அவர்களில் முதியவர் அல்லாதவரும் உண்டு. இதயநோய், குருதிக்கொதிப்பு, மூச்சுக்கோளாறு உடையோர் ஏற வேண்டா என வனத்துறை அறிவுறுத்துகிறது. ஆண்டு முழுதும் அமர்ந்திருந்துவிட்டு ஒரு நாளில் ஏழு மலையையும் வென்றுவிட முனைவதே பேரிடர்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வகுத்த நெறிப்படி, 65 வயதைக் கடந்தோர்க்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான இயக்கம் வேண்டும். இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாளேனும் விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சியும் வேண்டும். நாளொன்றுக்கு அரைமணி நேரத்துக்கும் குறைவான நடையே இதன் கீழெல்லை. மலை என்பது ஆண்டில் ஒருநாள். நடை என்பது அன்றாடம்.

வழி வேண்டும்

கால்கள் ஆயத்தமாயினும் அவை நடக்க இடம் வேண்டும். பஞ்சாபைச் சேர்ந்த ஃபவுஜா சிங், தம் 89ஆம் வயதில், 2000ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானை ஓடியவர். 2011இல் நூறு வயதில் டொரண்டோ மாரத்தானை நிறைவுசெய்தவர். கடவுச்சீட்டில் கண்டபடி 114 வயதாயிருந்தபோது, 2025 ஜூலையில், தம் சொந்த ஊரருகே சாலையைக் கடக்கையில் மகிழுந்து மோதி மறைந்தார். முதுமை நிறுத்தாத கால்களைச் சாலை நிறுத்தியது.

வெள்ளகோவில் வழியே செல்லும் கோவை–கரூர் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் சரக்குந்துகள் விரைகின்றன. அங்கே மிதிவண்டியில் போகும் எழுபது வயதுக்காரரை நினைத்தால் பிள்ளைகள் அஞ்சுவது இயல்பே. ஆனால் இக்கொங்கு மண்ணிடம் வேறொரு வழி இருக்கிறது. அதன் பெயர் இட்டேரி. இருபுறமும் உயிர்வேலி, நடுவே வண்டித்தடம், காலடியில் மண், தலைக்கு மேலே பறவைகள் என நீளும் அவ்வழி, மலைமிதிவண்டிக்காகவும் முதியவர் நடைக்காகவும் முன்னோர் போட்டுவைத்தது போல் இருக்கிறது. கிளுவை வேலி கம்பி வேலியாக மாற, நிலங்கள் மனைகளாகப் பிரிய, இட்டேரிகள் குறுகியும் மறைந்தும் வருகின்றன. ஓர் இட்டேரி மறையும்போது பறவை மட்டும் இடம் இழப்பதில்லை. ஒரு முதியவர் தம் காலை நடையையும் இழக்கிறார்.

கவிஞர்களிடம் இவ்விழா நாளில் வைக்கத்தக்க வேண்டுகோள் இரண்டு. எஞ்சியுள்ள இட்டேரிகளுக்குப் பெயர் சொல்லிப் பாடுங்கள். பெயருள்ள வழியை அழிப்பது பெயரற்ற வழியை அழிப்பதைவிடக் கடினம். அடுத்து, முதியவரைப் பாடும்போது இருமலோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் கையிலுள்ள தடி எத்திசையை நோக்கி ஊன்றப்படுகிறது என்றும் பாருங்கள். அது மேட்டை நோக்கி ஊன்றப்படுமானால் அதற்குரிய சொல் ஏறுகோல். அச்சொல் ஊரின் வாயில் வழங்கத் தொடங்கினால், 'எதுக்குங்க அலைச்சல்?' என்று கேட்ட மகனே ஒருநாள், 'எந்தப் பக்கம் போறீங்கப்பா? நானும் வர்றனுங்க' என்று கேட்கக்கூடும்.