கற்பலகையில் எழுதிய சொல்



ஒரு மொழியின் உயிர்த்துடிப்பை உணவு மேசையிலும் உணரலாம். அதனைக் காண, இன்று நாம் பிரெஞ்சு நாட்டின் தெருமுனைச் சிற்றுணவகமாகிய 'பிஸ்த்ரோ'வுக்குள் நுழைவோம்.

முதலில் அதன் பெயர். 1814ஆம் ஆண்டு பாரிஸ் நகருக்குள் புகுந்த ரஷ்யப் படைவீரர்கள், 'விரைவாக' எனப் பொருள்படும் தம் மொழிச் சொல்லைக் கூவி உணவு கேட்டனர் என்றும், அதுவே கடைப்பெயராயிற்று என்றும் ஒரு கதை உண்டு. மோன்மார்த்ர் குன்றிலுள்ள ஓர் உணவகச் சுவரில் இக்கதை பொறிக்கப்பட்டுமுள்ளது. ஆயினும் அச்சொல் அச்சில் தென்படத் தொடங்குவது 1880களில்தான். இடையில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் வெற்றிடமாக இருப்பதால், மொழியறிஞர் பலர் இக்கதையை ஏற்பதில்லை. இனிய கதை வேறு, சொற்பிறப்பு வேறு என்பதற்கு இது தக்க சான்று.

உள்ளே சிறிய கூடம்; நெருக்கமாக இடப்பட்ட மேசைகள். நுழைபவர் முதலில் 'போன்ஜூர்' என வணக்கம் கூறவேண்டும். கூறாமல் உணவு கேட்பது பண்பாகாது. அன்றைய உணவு வகைகள் கற்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும். சந்தை வரவுக்கேற்ப நாளும் அழித்தெழுதப்படும் அப்பலகைக்கு 'ஆர்துவாஸ்' என்று பெயர். வாடிக்கையாளர் தரவேண்டிய தொகையையும் முற்காலத்தில் அதில் குறித்தமையால், அச்சொல்லுக்குக் 'கடன் பாக்கி' என்னும் பொருளும் உண்டு.

உணவுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வருவது 'ஆந்த்ரே'. வெங்காய சூப் அதற்கோர் எடுத்துக்காட்டு. அடுத்து முதன்மை உணவு. சிவப்புத் திராட்சை மதுவில் நெடுநேரம் வெந்த பூர்கோஞ்ஞ் வட்டார மாட்டிறைச்சி புகழ்பெற்றது. இறுதியில் பாலாடைக்கட்டி அல்லது இனிப்பு. 'ஆந்த்ரே' என்பதற்கு 'நுழைவு' என்று பொருள். அச்சொல்லே அமெரிக்க ஆங்கிலத்தில் முதன்மை உணவைக் குறிக்கிறது. கடல் கடந்த சொல் எழுத்தைக் காத்துப் பொருளை மாற்றிக்கொண்டது.

இனி, நம் உரையின் மையத்திற்கு வருவோம். ஆலையில் ஆயத்தமாகி வந்த உணவைச் சூடாக்கி, தம் அடுப்பில் சமைத்ததுபோல் விற்ற உணவகங்களும் அந்நாட்டில் இருந்தன. பலகையில் இருந்த சொல்லுக்கும் தட்டில் இருந்த பொருளுக்கும் தொடர்பு அறுந்தது. எனவே 2014இல் 'ஃபே மேஸோன்', அதாவது 'வீட்டில் செய்தது', என்னும் தொடரைச் சட்டம் வரையறுத்தது. பச்சைப் பொருள்களைக் கொண்டு அவ்விடத்திலேயே சமைத்த உணவுக்கே அப்பெயர் உரியது. வீட்டுக் கூரையை மூடியாகக் கொண்ட சட்டி அதன் சின்னம். உறையவைத்த பச்சைப் பொருள்களையும் சட்டம் ஏற்றமையால், வரையறை தளர்ந்தது எனக் குறைகூறியோரும் உளர். ஆயினும், விற்பவர் எழுதும் சொல் உண்பவருக்கு அளிக்கும் வாக்குறுதி என்பதை அச்சட்டம் நிலைநாட்டியது.

ஆகவே மாணவர்களே, பலகையில் ஒரு சொல்லைக் காணும்போது மூன்று வினாக்களை எழுப்புவோம். இச்சொல் எங்கிருந்து வந்தது? வந்த வழியில் எவ்வாறு மாறியது? அது கூறும் பொருள் உண்மையில் அங்கு உள்ளதா? முதலிரண்டும் நம்மை மொழியறிவுடையோர் ஆக்கும். மூன்றாவது நம்மை ஏமாறாமல் காக்கும்.