எழுத்து வராத பிள்ளை அறிவில்லாத பிள்ளை அன்று
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சற்றுமுன் தேர்ச்சி பெற்ற மாணவர்களின் பெயர்களை வாசித்துக் கைதட்டினோம். அது முறையே. அப்பட்டியலில் இடம்பெறாமற்போன பிள்ளைகளுள் ஒரு சாராரைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி தாருங்கள்.

கல்வி வேட்கை நம் மலைக்குப் புதியதன்று. 1891ஆம் ஆண்டு டிசம்பரில் அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை உதகையில் கூட்டியபோதே நம் மக்களின் கல்விக்கான குரல் இம்மலையில் ஒலித்தது. இன்று குந்தா மின்திட்டத்தின் அணைகளைக் கட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும், கொழுந்து பறிப்போரின் பிள்ளைகளும் உயர்நிலைப் பள்ளியில் அமர்ந்திருக்கின்றனர். ஆயினும் அவர்களுள் சிலர் வகுப்பறைக்குள் இருந்தும் வெளியில் நிற்பவர் போலவே இருக்கின்றனர்.

என் ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். மின்சாரம், மண்ணரிப்பு என எதைக் கேட்டாலும் வாய்மொழியாகத் தெளிவாக விடை கூறுவான். எழுதச் சொன்னாலோ ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவான். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போதே வரி தவறிவிடும். அவனைச் சோம்பேறி என்று கடிந்து, வகுப்பின் முன் நிறுத்தி உரக்கப் படிக்க வைத்தேன். பிள்ளைகள் சிரித்தனர். மறுவாரம் அவன் வரவில்லை. அவன் வீட்டிற்குச் சென்றேன். தோட்டத்திலிருந்து அப்போதுதான் திரும்பிய அவன் தாய், "நம்ம சனத்துக்குப் படிப்பு ஏறாதுன்னு சொல்வாங்க. அது சரியாத்தான் போச்சுங்க ஐயா" என்றார். அவன் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. நானும் இச்சமூகத்தில் பிறந்தவன். பிறர் நம்மீது சுமத்திய பொய்யை அத்தாய் நம்பும்படி செய்தவன் நானே என்ற எண்ணம் இன்றும் என்னைச் சுடுகிறது.

அவனுக்கிருந்தது என்னவென்று பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். 1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறார். கூர்மையான அறிவுடைய அச்சிறுவனால் எழுத்துகளைக் கூட்டிப் படிக்க இயலவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடத்தப்பட்டால் பள்ளியிலேயே அவன்தான் முதல்வனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம். இதனை இன்று டிஸ்லெக்சியா என்கின்றனர். எழுதுவதில் வருவதும் உண்டு. கணக்கில் வருவதும் உண்டு. இது பிறவியிலேயே மூளை எழுத்தையும் எண்ணையும் கையாளும் முறையில் உள்ள வேறுபாடு. குலத்திலும் இல்லை, குணத்திலும் இல்லை.

நம் மொழியிலும் இப்பிள்ளைகளுக்குத் தனி இடர்கள் உண்டு. 'கெ' என்னும்போது ஒலியில் பின்னால் வரும் உயிரின் குறியை எழுத்தில் முன்னால் எழுதுகிறோம். 'கொ' என்றால் இருபுறமும் எழுதுகிறோம். நமக்குப் பழகிப்போன இவ்வழி அவர்களுக்குக் கரடுமுரடான ஏற்றம்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். பின்தங்கிய பிள்ளைகள் அனைவருக்கும் இக்குறைபாடு உண்டென்று எண்ணலாகாது. பசி, கண்பார்வைக் குறை, காது மந்தம், அடிக்கடி பள்ளிக்கு வராமை, எங்கள் கற்பித்தலின் குறை ஆகியவையும் காரணமாகலாம். ஆகவே முடிவு கூறவேண்டியவர் தேர்ந்தவரே.

சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1991ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. ஆனால் இச்செய்தி லயன் வீடுகளுக்கு வந்து சேர நெடுங்காலமாயிற்று. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத இக்குறைபாடு, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. இதனை இளமையிலேயே கண்டறிவது பள்ளியின் கடமை என்றும், தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு போன்ற வசதிகள் வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. இது சலுகைப் பிச்சை அன்று. இட ஒதுக்கீட்டைப் போலவே உரிமை.

உரிமை தானே வீடு தேடி வராது. எட்டாம் வகுப்பு வரை தடையின்றி வந்த பிள்ளை ஒன்பதில் தடுமாறினால், பெற்றோர் தலைமையாசிரியரைக் காணவேண்டும். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் காட்டி, அரசு மருத்துவக் குழுவின் சான்று பெற்று, பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பொதுத் தேர்வு நெருங்கிய பின் ஓடுவதில் பயனில்லை. ஒருநாள் கூலியை இழந்து உதகைக்குச் செல்லத் தயங்கும் தாய்க்குத் துணையாக இளைஞர் ஒருவர் உடன் செல்லட்டும்.

நம் மாலை நேர வகுப்புகளில் பாடம் சொல்லித் தரும் இளைஞர்களுக்கும் சில வேண்டுகோள்கள். பாடத்தை நீங்கள் உரக்கப் படித்துக் காட்டுங்கள். விடையை முதலில் வாயால் கேளுங்கள். எழுத்தைப் பெரிதாக, இடைவெளி விட்டு எழுதுங்கள். மணலில் விரலால் எழுதச் செய்யுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள். பிறர் முன்னிலையில் படிக்கச் சொல்லி நாணச் செய்யாதீர்கள். 'மக்கு' என்னும் சொல்லை மறந்தும் கூறாதீர்கள்.

அடுத்த ஆண்டறிக்கையில் தேர்ச்சி பெற்றவர்களின் எண்ணிக்கையோடு, இடைநின்ற பிள்ளைகளுள் எத்தனை பேரை மீட்டு அழைத்து வந்தோம் என்ற கணக்கும் இடம்பெற வேண்டும் என்று வேண்டுகிறேன். நான் இழந்த அம்மாணவனுக்கு நான் செய்யக்கூடிய ஈடு அதுவொன்றே.