புண் ஆறிய பின்னர்

மேலிதழும் கீழிதழும் பொருந்தினால் பகரமும் மகரமும் பிறக்கும். மேற்பல்லும் கீழிதழும் பொருந்தினால் வகரம் பிறக்கும். தொல்காப்பியரும் நன்னூலாரும் கூறியுள்ள இவ்விலக்கணத்தைச் சித்தூர் நகரில் 30 ஆண்டுகள் மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆயினும், அதன் பொருளை எனக்கு உள்ளபடி உணர்த்தியது நூலன்று. 66ஆம் வயதில் என் கீழுதட்டில் நடைபெற்ற ஓர் அறுவைச் சிகிச்சையேயாகும். அந்த அனுபவத்தையும், அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதையும் பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நானும் ஒருவகையில் பிற மாநிலத் தமிழனே. ஆனால், என் குடும்பத்தார் எந்த ஊருக்கும் குடிபெயரவில்லை. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது, சென்னை மாநிலத்திலிருந்த சித்தூர் அதனோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணி தமிழகத்திற்குத் திரும்பியது, சித்தூர் திரும்பவில்லை. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது, எல்லைதான் நகர்ந்தது. வீட்டில் தமிழும் கடைவீதியில் தெலுங்குமாக எங்கள் வாழ்க்கை நடக்கிறது.

மாணவப் பருவம் முடிந்த நாள்முதல் எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் உண்டு. பிறகு அதனோடு புகையிலையும் சேர்ந்தது. உணவுக்குப் பின் ஒரு துண்டுப் புகையிலையைக் கீழுதட்டின் உட்புறம் அடக்கிக்கொண்டால்தான் உண்ட நிறைவே தோன்றும். ஒருநாள் முகம் மழிக்கச் சென்றபோது, பல ஆண்டுகளாக எனக்குப் பழக்கமான முடிதிருத்துநர், "ஐயா, உதட்டிலே சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது, துடைத்துக்கொள்ளுங்கள்" என்றார். துடைத்தேன். போகவில்லை. ஈரத்துணியால் தேய்த்தேன். அப்போதும் போகவில்லை.

துடைத்தால் போகாத அந்த வெண்மையே முதல் எச்சரிக்கை. நானோ அதனைச் சுண்ணாம்புச் சூடு என்று கருதி வெண்ணெய் தடவினேன். வலி சிறிதும் இல்லை. வலி இல்லாததனால் அச்சமும் இல்லை. இவ்வாறு எட்டுத் திங்கள் கழிந்தன. வாயில் தோன்றும் இத்தகைய திட்டுகள் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலித்திருந்தால் எட்டு நாளில் மருத்துவரிடம் ஓடியிருப்பேன். வலியாமையே என்னை ஏமாற்றிற்று.

இத்தகைய வெள்ளைத் திட்டுகளெல்லாம் புற்றுநோயாக மாறுவதில்லை. பெரும்பாலானவை மாறுவதே இல்லை. ஆனால், எது மாறும், எது மாறாது என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துக் கூற இயலாது. திட்டின் நடுவே சிவப்புத் தோன்றினால் ஐயம் மிகும். மேற்பரப்புத் தடித்தாலும், சொரசொரப்பானாலும், இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண் உண்டானாலும் காலம் தாழ்த்தலாகாது. ஐயத்தைத் தீர்க்கும் வழி ஒன்றே: திட்டிலிருந்து சிறு துண்டொன்றை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்துச் சோதிக்க வேண்டும்.

அச்சோதனைக்குத்தான் நான் அஞ்சினேன். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பேச்சு எங்கள் தெருவிலும் உண்டு. உங்கள் தெருவிலும் இருக்கலாம். என் மனைவி அந்தப் பேச்சைப் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் விடியற்காலையில் என்னைப் பேருந்தில் ஏற்றிச் சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்கு அழைத்துச் சென்றுவிட்டார்.

மருத்துவர் ஒரு தெலுங்குப் பெண்மணி. நான் ஆசிரியன் என்று அறிந்ததும், "ஐயவாரு" என்றே என்னை அழைத்தார். என் அச்சத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "ஐயவாரு, கத்தி பட்டதனால் பரவிற்று என்று சொல்லுகிறவர்களெல்லாம், முற்றிய பிறகு கத்தியிடம் வந்தவர்கள். நோய் முன்பே பரவியிருந்தது; பழி கத்திக்கு வந்தது" என்றார். சோதனை முடிவு சில நாட்களில் கிடைத்தது. புற்று இல்லை. ஆனால், உயிரணுக்கள் தம் ஒழுங்கு குலைந்து, புற்றுக்கு முந்திய நிலையில் இருந்தன. திட்டை முற்றிலும் அகற்றிவிடுவதே நலம் என்று முடிவாயிற்று.

அறுவைச் சிகிச்சையை நேயர்கள் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதில்லை. உதட்டை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டார்கள். கீழுதட்டின் சிவந்த மேற்பரப்பைத் திட்டோடு சேர்த்து மெல்லியதாக அரிந்து எடுத்தார்கள். பின்னர், வாயின் உட்புறத்து மென்சவ்வை முன்னே இழுத்து, உதட்டின் வெளி விளிம்போடு இணைத்துத் தைத்தார்கள். வேறிடத்திலிருந்து தோல் கொண்டுவரவில்லை. உள்ளே இருந்ததே வெளியே வந்து புதிய உதடாயிற்று. அன்று மாலையே வீடு திரும்பினேன்.

முதல் மூன்று நாட்கள்தாம் கடினமானவை. உதடு வீங்கி, என் முகம் எனக்கே அந்நியமாகத் தோன்றிற்று. தலையணையை உயர்த்திப் படுக்குமாறு கூறியிருந்தார்கள். கஞ்சி, மோர், கேழ்வரகுக் கூழ் ஆகியவற்றை ஆறவைத்து, சிறு கரண்டியால் வாயின் ஓரத்தில் விட்டுக்கொண்டேன். உறிஞ்சுகுழல் கூடாது, உறிஞ்சினால் தையல் இழுபடும். ஆறவைக்க வேண்டியதன் காரணத்தை ஒரு தவறு செய்தே அறிந்தேன். நான்காம் நாள் காப்பியைச் சூட்டோடு பருகினேன். உதடு மரத்திருந்தமையால் சூடே தெரியவில்லை. ஒரு சிறு கொப்புளம் கண்ட பிறகுதான் தெரிந்தது. ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் வெதுவெதுப்பான உப்புநீரால் வாய் கொப்பளித்தேன். உதடு உலராதபடி களிம்பு தடவினேன். ஏறத்தாழப் பத்து நாட்களில் தையல் நீங்கிற்று. அது எங்கள் ஊரில் மாம்பழக் காலம். வீடெல்லாம் மாம்பழ மணமாயிருக்க, புளிப்புப் பட்டால் எரியும் என்று நான் மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

இலக்கணத்தை நான் உணர்ந்ததும் அந்நாட்களிலேதான். "கஞ்சி" என்று கேட்க முடிந்தது. "தண்ணீர்" என்று கேட்க முடிந்தது. "போதும்" என்றோ "வேண்டாம்" என்றோ மறுக்க முடியவில்லை. ஆதலின், என் மனைவி ஊற்றிய கஞ்சியையெல்லாம் குடிக்க வேண்டியதாயிற்று! நிரோட்டகம் என்றொரு செய்யுள்வகை தமிழில் உண்டு. இதழ் ஒட்டாத எழுத்துகளாலேயே பாடுவது அது. 17ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்திலின் மீது இவ்வகையில் ஓர் அந்தாதி இயற்றினார். வடமொழியில் தண்டி இயற்றிய தசகுமார சரிதத்திலும், இதழில் காயமுற்ற மந்திரகுப்தன் இதழொலிகளை அறவே விலக்கித் தன் கதையைக் கூறுகிறான். புலவர்கள் விளையாட்டாகவும் திறமையாகவும் செய்ததை நான் கட்டாயத்தினால் செய்தேன்.

ஆனால், ஒரு சொல் அந்த விளையாட்டுக்கு அடங்கவில்லை. பூனாவில் இருக்கும் என் பேத்திக்கு ஐந்து வயது. நாள்தோறும் மாலையில் தொலைபேசியில் அவளைப் "பாப்பா" என்று அழைப்பேன். அறுவைக்குப் பின் அந்தச் சொல் காற்றாய் வெளிவந்தது. மூன்று நாட்கள் அவள் பேச மறுத்துவிட்டாள். வேறு யாரோ பேசுகிறார்கள் என்று எண்ணினாள். வீக்கம் வடிந்தபின் மருத்துவர் கூறிய பயிற்சியின்படி கண்ணாடி முன் நின்று ப, ம, வ என்று, ஒருகாலத்தில் மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்ததுபோல், எனக்கே சொல்லிக்கொடுத்தேன். நான்காம் வாரத்தில் "பாப்பா" என்ற சொல் சொல்லாகவே வெளிவந்தது. "தாத்தா வந்துவிட்டார்" என்று அவள் தன் தாயிடம் கூவியது எனக்குக் கேட்டது.

உணர்வு முழுவதும் திரும்பச் சில திங்கள் ஆயிற்று. ஈரத்திலே இருந்து பழகிய சவ்வு வெளிக்காற்றுக்குப் பழகும்வரை புதிய உதடு வறண்டு செதிலுதிர்ந்தது. இப்போது உற்றுப் பார்ப்பவர்களுக்கே கீழுதடு சற்று மெலிந்திருப்பது தெரியும். புண் ஆறிவிட்டது. ஆனால், நலம் பெறுதல் அங்கே தொடங்கிற்றேயன்றி முடியவில்லை. நான் கூறவந்த முதன்மையான செய்தி இதுவே.

அகற்றிய திசுவின் சோதனை முடிவு வந்த நாளில், விளிம்புகள் தூய்மையாக உள்ளன என்று கூறிய மருத்துவர், தொடர்ந்து, "களையைப் பிடுங்கிவிட்டேன், நிலம் உங்களிடம் இருக்கிறது" என்றார். பல்லாண்டுகள் புகையிலைச் சாறு பட்ட இடம் உதடு மட்டுமன்று. கன்னத்தின் உட்புறமும், ஈறும், நாவின் அடியும் அதே சாற்றில் ஊறியவையே. ஓரிடத்தில் அகற்றினால் மற்றோரிடத்தில் முளைக்கலாம். அகற்றிய இடத்திலேயே மீண்டும் தோன்றலாம். ஆகவே, சில திங்களுக்கு ஒருமுறை வாயைக் காட்ட வேண்டும். புகையிலையை விட வேண்டும். பாக்கையும் விட வேண்டும். புகையிலை சேராத பாக்கும் புற்றுக்குக் காரணமாகும் என்பது உறுதிப்பட்டுள்ளது.

உளநூல் வல்லுநர் பிராய்டின் வரலாறு இதற்கு உலகறிந்த சான்று. 1923இல் அவர் வாயில் கண்டதையும் முதலில் வெள்ளைத் திட்டு என்றே கூறினர். அறுவை நடந்தது, சுருட்டை அவர் விடவில்லை. அது புற்றென்று தெரியவந்து, 1939இல் இலண்டனில் இறக்கும்வரை 30க்கு மேற்பட்ட அறுவைகளுக்கு ஆட்பட்டார். மனித மனத்தை ஆராய்ந்த மேதைக்கே பழக்கத்தை வெல்வது அரிதாயிற்று.

அரிது, ஆனால் இயலாததன்று. எங்கள் ஆந்திரத்துச் சிரீகாகுளம், கேரளத்து எறணாகுளம், குசராத்துப் பாவநகர் ஆகிய மாவட்டங்களின் சிற்றூர்களில், டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 36,000 புகையிலைப் பழக்கமுடையோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்டு, பழக்கத்தை விடுமாறு அறிவுரை கூறினர். பலர் விட்டனர், பலர் குறைத்தனர், புதிய திட்டுகள் தோன்றுவதும் குறைந்தது. 1986இல் இம்முடிவு வெளியாயிற்று. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சிகளில் நடந்த மற்றோர் ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுதோறும் சென்று மக்களின் வாயை விளக்கொளியில் பார்த்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையோரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் அறிவித்தனர். கருவி வேறொன்றுமில்லை, விளக்கும் பழகிய கண்களுமே.

நேயர்களே, வேலை தேடி வேற்று மாநிலம் சென்றவர்களுக்குத் தம் உடலைக் கவனிக்க நேரம் இருப்பதில்லை. களைப்பைப் போக்கப் புகையிலை எளிதில் கிடைக்கிறது. மருத்துவரிடம் எந்த மொழியில் பேசுவது என்ற தயக்கமும் உண்டு. ஆனால், இந்த நோய்க்கு மொழி வேண்டியதில்லை. வாயைத் திறந்து, விரலால் இடத்தைக் காட்டினால் போதும். திங்களுக்கு ஒருமுறை பல் துலக்கும்போது, கண்ணாடி முன் உதட்டை மடித்துப் பாருங்கள். கன்னத்தின் உட்புறத்தையும் நாவின் ஓரங்களையும் பாருங்கள். வெயிலில் உழைப்பவர்கள் கீழுதட்டைச் சற்று அதிகமாகக் கவனியுங்கள். நெடுங்கால வெயிலும் உதட்டுக்குப் பகையே. புகையிலையை விட விரும்புவோர்க்கு உதவக் கட்டணமில்லாத தேசியத் தொலைபேசி ஒன்று உண்டு. 1800-11-2356 என்னும் அந்த எண் புகையிலைப் பொட்டலங்களின் மீதே அச்சிடப்பட்டிருக்கிறது.

மருத்துவ வசதி இல்லையென்றும் இனிக் கூறுவதற்கில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியபோது, தென்னாட்டார் நெடுந்தொலைவிலிருந்து அங்கே செல்ல வேண்டியிருந்தது. இன்று எங்கள் திருப்பதியிலேயே புற்றுநோய்க்கென 2022இல் திறக்கப்பட்ட மருத்துவமனை இருக்கிறது. பெரும்பாலான பெருநகரங்களில் அத்தகைய வசதி உண்டு.

சென்ற திங்கள் ஓர் உறவினர் வீட்டுத் திருமணத்தில் தாம்பூலத் தட்டு என் முன் வந்தது. தளிர் வெற்றிலை, நறுக்கிய பாக்கு, பக்கத்தில் ஒரு சிறு துண்டுப் புகையிலை. என் கை தானாகவே நீண்டது என்பதை மறைக்கமாட்டேன். தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே திருப்பிக் கொடுத்தேன். "என்ன ஐயா, எடுத்துக்கொள்ளவில்லையா?" என்று கேட்டார்கள்.

"வேண்டாம்" என்றேன். இதழ்கள் நன்றாகவே ஒட்டின.