குறை படத்திலா, திரையிலா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"டெக்னிக்கலா ஏதாவது பேசுப்பா, ஆனா யாரையும் தூங்க வெச்சிடாதே" என்பது செயலாளரின் அன்புக் கட்டளை. ஆகவே எல்லோருக்கும் பழக்கமான போட்டோவையே எடுத்துக்கொள்கிறேன். எச்.டி.ஆர். படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்தும்போது அவை திரையில் சரியாகத் தெரியாமல் போவது ஏன், கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் விஷயம்.

எங்கள் செட் நண்பர் ஒருவர் ஸ்டூடியோ நடத்துகிறார். கல்யாணப் படங்கள்தான் அவருக்குச் சோறு போடுகின்றன. புதிதாக ஒரு மானிட்டர் வாங்கினார். பெட்டியின் மேலேயே எச்.டி.ஆர். என்று போட்டிருந்தது. ஒரு முகூர்த்தத்தின் படங்களை அதில் திருத்த உட்கார்ந்தால், குத்துவிளக்குச் சுடரும் புடவை ஜரிகையும் வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தன. வெளிச்சமான பகுதிகளைக் குறைத்தார், மேலும் குறைத்தார். மூன்று ராத்திரி வேலை. படங்களை அனுப்பியதும் பெண் வீட்டார் கேட்டார்கள்: "என்னங்க, நாங்க போன்ல எடுத்த படத்துலயே ஜரிகை ஜொலிக்குதே. உங்க படத்துல மங்கலா இருக்கே?"

படத்தில் குறையே இல்லை. படம் திரைக்குப் போகும் வழியில்தான் குறை. வழியில் இருந்த குறைக்குப் படத்தைத் தண்டித்துவிட்டார்.

எச்.டி.ஆர். என்றால் என்ன? அச்சிட்ட தாளில் தாளின் வெண்மைதான் உச்சம். அதற்கு மேல் வெளிச்சம் கிடையாது. சாதாரணத் திரையும் அப்படித்தான். வேட்டியும் வெள்ளை, விளக்குச் சுடரும் வெள்ளை. எச்.டி.ஆர். திரையில் அந்த வெள்ளைக்கு மேலேயும் இடம் உண்டு. வேட்டி வேட்டியாக இருக்க, சுடர் அதைவிடப் பல மடங்கு ஒளிரும். திரையின் ஒளியை நிட் என்ற அலகில் அளக்கிறோம். எஸ்.ஆர்.ஜி.பி. தரத்தில் வெள்ளைக்கு 80 நிட்தான் கணக்கு. 2014-இல் வந்த பி.க்யூ. என்ற குறியீட்டு முறையோ 10,000 நிட் வரை போகிறது.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. 2005-இல் வந்த ஃபோட்டோஷாப் சி.எஸ்.2-இலேயே எச்.டி.ஆர். இருந்ததே என்று சீனியர்கள் கேட்கலாம். அது பல எக்ஸ்போஷர்களை ஒன்று சேர்க்கும் வசதி. அப்படிச் சேர்த்ததைச் சாதாரணத் திரைக்குள் அடங்கும்படி சுருக்கித்தான் பார்த்தோம். இப்போது பேசுவது, சுருக்காமல் அப்படியே திரையில் காட்டுவது. லைட்ரூம் கிளாசிக்கில் இந்த வசதி 2023 அக்டோபரில் வந்தது.

சரி, கோளாறைத் தேடுவோம். ஃபைலில் தொடங்கி வரிசையாகப் போக வேண்டும்.

முதலில் ஃபைல். கேமராவின் ரா ஃபைலில் வெள்ளைக்கு மேலே சங்கதி இருக்கும். ஏற்கெனவே வெளுத்துப்போன பழைய 8 பிட் ஜேபெக்கில் இருக்காது. பானையில் இல்லாதது அகப்பையில் வராது.

இரண்டாவது, சாஃப்ட்வேர். லைட்ரூமில் அந்தப் படத்துக்கு எச்.டி.ஆர். பட்டனை அழுத்தியிருக்கிறோமா? செட்டிங்கில் கிராஃபிக்ஸ் பிராசஸரைப் பயன்படுத்த அனுமதி உண்டா? ஃபோட்டோஷாப்பில் 32 பிட் படமென்றால், ஜன்னலின் அடியில் உள்ள எக்ஸ்போஷர் ஸ்லைடர் பார்வையை மட்டுமே மாற்றும், படத்தை மாற்றாது. யாராவது அதை நகர்த்தி வைத்திருந்தால் நல்ல படமும் இருட்டாகத் தெரியும்.

மூன்றாவது, விண்டோஸ். மானிட்டருக்கு எச்.டி.ஆர். தெரிந்திருந்தால் மட்டும் போதாது. டிஸ்ப்ளே செட்டிங்கில் அதற்கென்று உள்ள ஸ்விட்சையும் போட வேண்டும். என் நண்பர் விஷயத்தில் அதுதான் ஆஃப். அதைப் போட்டதும் மற்ற ஜன்னல்கள் வெளிறித் தெரிந்தால் பயப்படாதீர்கள். சாதாரணப் படங்களின் வெளிச்சத்துக்குத் தனி ஸ்லைடர் அங்கேயே இருக்கிறது. லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது எச்.டி.ஆரை நிறுத்திவைக்கும் செட்டிங்கும் உண்டு. சார்ஜரைச் செருகிப் பார்ப்பது அரை நிமிஷ வேலை.

நான்காவது, கேபிள். எச்.டி.எம்.ஐ. 2.0 வழியாக வினாடிக்கு 18 கிகாபிட்தான் போகும். 4கே, 60 ஹெர்ட்ஸ், 10 பிட், முழு வண்ணம் என்றால் 22 கிகாபிட்டுக்கு மேல் தேவை. கொள்ளாதபோது பிட்டோ வண்ணமோ குறைக்கப்படும். மாலை வானம் படிப்படியாக வரி விழுந்து தெரிந்தால் கேபிளையும் சந்தேகப்படுங்கள்.

ஐந்தாவது, மானிட்டரேதான். வெசா அமைப்பின் டிஸ்ப்ளே எச்.டி.ஆர். 400 என்ற முத்திரையில் 400 என்பது உச்ச நிட். சாதாரண வெள்ளையை 200 நிட்டில் வைத்தால் அதற்கு மேல் இரண்டு மடங்குதான், அதாவது ஒரு ஸ்டாப். உச்சம் 1600 நிட் உள்ள 2021 மேக்புக் புரோவில் அதே 200-க்கு மேல் எட்டு மடங்கு, மூன்று ஸ்டாப். அதிலேயே வெள்ளையை 500-க்கு ஏற்றினால் மூன்று மடங்குக்குச் சற்று அதிகம்தான் மிஞ்சும். அதனால்தான் வெளிச்சத்தைக் குறைத்தால் எச்.டி.ஆர். கூடுகிறது. அறையையும் கொஞ்சம் இருட்டாக்கிக்கொள்ளுங்கள்.

ஆறாவது, அனுப்பும் இடம். எக்ஸ்போர்ட் செய்யும்போது எச்.டி.ஆர். என்று டிக் செய்யாவிட்டால் சாதாரணப் படமே வெளிவரும். ஜேபெக்கில் கெயின் மேப் சேர்த்து அனுப்பினால், சாதாரணப் படமும் அதை எங்கே எவ்வளவு ஏற்ற வேண்டும் என்ற குறிப்பும் ஒரே ஃபைலில் போகும். 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14-இன் அல்ட்ரா எச்.டி.ஆர். இந்த வகைதான். வழியில் ஏதாவது ஒரு ஆப் படத்தை மறுபடி சுருக்கினால் அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும்.

இத்தனையையும் நினைவில் வைக்க முடியாதா? ஹிஸ்டோகிராமில் வெள்ளைக்கு வலப்பக்கம் உள்ள கோட்டைப் பாருங்கள். மஞ்சள் என்றால் உங்கள் திரை அதைக் காட்டுகிறது. சிவப்பு என்றால் அது படத்தில் இருக்கிறது, உங்கள் திரைதான் காட்டவில்லை. சிவப்பைப் பார்த்ததும் படம் கெட்டுவிட்டது என்று நினைத்துத்தான் நண்பர் ஸ்லைடரை இழுத்திருக்கிறார். ரா ஃபைல் பத்திரமாக இருந்ததால் படங்களை மீட்டுவிட்டார். மூன்று ராத்திரியும் அந்த வீட்டாரிடம் இருந்த நல்ல பெயரும் போனது போனதுதான்.

தம்பி தங்கைகளே, நம் எலக்ட்ரானிக்ஸ் லேபில் ஆசிரியர் முதல் நாளே என்ன சொல்லிக்கொடுத்தார்? சர்க்யூட்டைத் தொடுவதற்கு முன்னால் சி.ஆர்.ஓ.வின் புரோபை அதன் காலிபரேஷன் முனையிலேயே வைத்துப் பார். சதுர அலை சதுரமாகத் தெரிகிறதா பார் என்றார். அலை கோணலாகத் தெரிந்தால் புரோபைச் சரிசெய்தோம், சர்க்யூட்டைப் பிரிக்கவில்லை. திரையும் ஒரு அளவுக் கருவிதான். நன்றாகத் தெரியும் என்று உறுதியான ஒரு எச்.டி.ஆர். படத்தைக் கையோடு வைத்திருங்கள். புது மானிட்டர், புது கேபிள், புது சாஃப்ட்வேர் எது வந்தாலும் முதலில் அதைத் திறந்து பாருங்கள். அதுவே மங்கலாகத் தெரிந்தால் ஸ்லைடரிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.

நாளைக்கு நீங்கள் பார்க்கப்போவது போட்டோ மட்டுமல்ல. ஸ்கேன் படம், சாட்டிலைட் படம், பாலத்தின் விரிசல் படம் எல்லாம் ஏதோ ஒரு திரையில்தான் உங்கள் கண்ணுக்கு வரும். அதை வைத்து யாரோ ஒருவர் முடிவெடுப்பார். அந்த இடத்தில் நம் கல்லூரிப் பிள்ளை உட்கார்ந்திருந்தால், திரையைச் சோதித்துவிட்டுத்தான் படத்தைப் பற்றிப் பேசுவான், பேசுவாள் என்ற பெயர் நமக்கு வர வேண்டும்.